கிணற்றடி மண்

பேசாலை,
12.01.2025

அன்புள்ள அண்ணா,

புது வருசம் பிறந்து பன்னிரண்டு நாள் போனபிறகுதான் உங்களுக்கு எழுதக் கிடைத்தது. நாங்கள் நால்வரும் சுகம். கிறேசுக்கு நாலு வயது முடிந்துவிட்டது, நர்சரிக்குப் போகிறாள். சின்னவனுக்கு எட்டு மாதம், ஒன்றையும் பிடிக்காமல் தானாக இருக்கப் பழகிவிட்டான். கட்டாரில் இப்போது குளிராமே. நெஞ்சில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

இவள் ஏன் திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். என் போன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. அவருடைய போன் எந்நேரமும் அவருடைய கையில்தான். அதனால் பழைய காலத்து ஆள் மாதிரிப் பேனையை எடுத்தேன்.

அண்ணா, இங்கே கடல் சரியில்லை. நத்தார்ப் பெருநாளுக்கு முந்தின கிழமை இந்திய இழுவைப் படகுகள் வந்து எங்கள் வலைகளை வாரிக்கொண்டு போய்விட்டன. இது மூன்றாம் தரம். அவர் வள்ளத்தைக் கிட்டக் கொண்டுபோய், எட்டிப் பாய்ந்து, ஒருவனின் தலையில் தடியால் அடித்திருக்கிறார். அவனும் தமிழ் பேசுகிறவன்தானே, "அண்ணே விட்டுடுங்க" என்று கும்பிட்டானாம். அதற்குப் பிறகும் இரண்டு அடி. இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். சேட்டு முழுக்க இரத்தம். நான்தான் கழுவினேன். சவர்க்காரத்தில் போகவில்லை, உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன்.

அன்றிலிருந்து வலையில்லாமல் வீட்டில் இருக்கிறார். உங்கள் கம்பனியில் அவருக்கு ஒரு வேலை எடுத்துத் தர முடியுமா? என்ன வேலை என்றாலும் பரவாயில்லை.

பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடவேண்டாம். தபால்காரர் இந்தப் பக்கம் ஒழுங்காக வருவதில்லை. மன்னார் பசாரில் தையல் கடை வைத்திருக்கும் அஸீபாவின் விலாசத்தை அடியில் எழுதியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முந்தி நான் அவளோடுதானே தைத்தேன். கிளினிக்குக்கு வரும் நாளில் எடுத்துக்கொள்வேன்.

மாதா உங்களைக் காக்கட்டும்.

தங்கை,
பிரான்சிஸ்கா


தோகா,
03.02.2025

என் அருமைத் தங்கச்சி,

உன் கையெழுத்தைக் கண்டு எத்தனை வருசம்! அறையில் இருப்பவர்கள் காதல் கடிதம் என்று நினைத்துப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். முப்பத்தாறு வயதுக் குமரனுக்கு யார் காதல் கடிதம் எழுதப்போகிறார்கள்? உடம்பு நல்லம். சாரக்கட்டுக் குழாய் தூக்கித் தூக்கி முதுகு மட்டும் தன் பாட்டுக்குப் பேசுகிறது. சின்னவனின் படம் ஒன்று அனுப்பு.

வேலை விசயம். போர்மனிடம் கேட்டேன், ஆள் தேவைதான். சாரக்கட்டு உதவியாள், மாதம் ஆயிரத்து முந்நூறு றியால். சாப்பாடும் சில்லறைச் செலவும் போக வீட்டுக்கு எண்பதாயிரம் வரும். பால்மா, நர்சரிக் காசு, கறண்ட் எல்லாம் கட்டினால் மாதக் கடைசியில் நீ என்னிடம்தான் கேட்பாய். கடல் வாய்த்த மாதத்தில் மச்சான் எட்வேட் அதற்குமேல் எடுப்பானே. இரண்டு குஞ்சுகளையும் உன்னையும் விட்டுவிட்டு அவன் இங்கே வந்து வெயிலில் வேக வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது. போன வெள்ளி எங்கள் முகாமில் அடுப்புக்காக இரண்டு பேர் சண்டை. ஒருவன் குழாயால் மற்றவனின் வாயில் விளாசினான். பல் போய்ச் சோற்றுச் சட்டிக்குள் விழுந்தது. அந்தச் சோற்றைக் கொட்ட மனமில்லாமல் பல்லை எடுத்துவிட்டுச் சாப்பிட்டவர்களும் உண்டு. யார் தொடங்கியது என்று கம்பனி கேட்காது. அடித்தவனையும் அடி வாங்கியவனையும் ஒரே விமானத்தில் ஏற்றிவிடும். மச்சான் கோவக்காரன். ஒரு கிழமை தாங்குவானா?

என் மனம் வேண்டாம் என்கிறது. குடும்பம் ஒன்றாக இருக்கட்டும்.

அன்பு அண்ணன்,
எமில்


பேசாலை,
09.03.2025

அன்புள்ள அண்ணா,

எழுத்துக் கோணலாக இருக்கும். கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது, இடது கையால் எழுதுகிறேன். மற்றபடி எல்லோரும் சுகம். உங்கள் முதுகுக்கு எண்ணெய் கொடுத்துவிட ஆள் தேடுகிறேன்.

எண்பதாயிரம் போதும் அண்ணா. ஐம்பது என்றாலும் போதும். நாங்கள் மூன்று பேரும் எவ்வளவு தின்னப்போகிறோம்? நான் அஸீபாவிடம் துணி வாங்கித் தைப்பேன். குடும்பம் ஒன்றாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதை நாலைந்து தரம் படித்தேன்.

நீங்கள் எழுதாமல் விட்டதைக் கேட்கிறேன். ஒப்பந்தம் இரண்டு வருசமா? நடுவில் லீவு உண்டா? லீவு இல்லாத வேலை என்றால் நல்லது. விமான ரிக்கெற் காசு மிச்சம்தானே.

அவரிடம் இதைப் பற்றி நான் இன்னும் கதைக்கவில்லை. நீங்களும் தயவுசெய்து இப்போது கதைக்கவேண்டாம். எல்லாம் சரிவந்த பிறகு, உங்களுக்கே தோன்றிக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடுங்கோ. நான் கேட்டதாக இருக்கக்கூடாது.

கிறேஸ் இப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிக்கிறாள். சின்னப்பிள்ளை விளையாட்டு. தவக்காலம் தொடங்கிவிட்டது. திருப்பாடுகள் நாடகத்தில் அவருக்கு இந்த முறையும் சேவகன் வேடம். யேசுவை அடிக்கிற சாட்டையை அவரே வலைக்கயிற்றில் திரித்து வைத்திருக்கிறார்.

பதிலைச் சுணக்கவேண்டாம்.

தங்கை,
பிரான்சிஸ்கா


தோகா,
24.04.2025

தங்கச்சி,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து. உன் கை ஆறிவிட்டதா? கிணற்றடியில் பாசியைச் சுரண்டி விடச் சொல்லு மச்சானிடம்.

லீவு இல்லாத வேலை கேட்ட முதல் பெண்சாதி உலகத்தில் நீதான். அறையில் வாசித்துக் காட்டினேன், எட்டுப் பேரும் உருண்டு சிரித்தார்கள். பெரிய வெள்ளி நாடகத்தை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். மச்சான் சாட்டையை ஓங்குகிற வேகத்தில் இங்கே போனுக்குள்ளேயே முதுகு கூசியது. பெண்கள் கதறி அழுகிறார்கள். அவனுக்குள் இப்படி ஒரு நடிகன் இருப்பது எனக்குத் தெரியாது.

கோவிக்காதே, ஞாயிற்றுக்கிழமை நானே மச்சானோடு கதைத்துவிட்டேன். எதற்குத் தங்கச்சியை நடுவில் வைத்து ஒளித்துப் பிடித்து விளையாட வேண்டும்? "உனக்கு வேலை கேட்டு அவள் மூன்று மாதமாக என்னை அரிக்கிறாள், உனக்கு விருப்பமோ?" என்று நேரேயே கேட்டேன். அவன் அழுதுவிட்டான்.  "மச்சான், என்ர பிள்ளையளையும் இவளையும் விட்டிட்டு நான் எங்க போறது? கஞ்சியைக் குடிச்செண்டாலும் இஞ்சயே இருக்கிறன்" என்றான். நானும் அழுதுவிட்டேன். உனக்கு இப்படி ஒருவன் கிடைத்ததற்கு அம்மா மேலேயிருந்து சந்தோசப்படுவா. போர்மனிடம் ஆள் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இனி இந்தக் கதையை விடு. புது வலை வாங்க என்னால் முடிந்ததை அனுப்புகிறேன்.

அண்ணன்,
எமில்


மன்னார்,
06.05.2025

எமில் அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும். நான் அஸீபா. நீங்கள் பிரான்சிஸ்காவுக்கு எழுதியதை நான் உடைத்துப் படித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். அவளால் இப்போது படிக்க முடியாது. இதை எழுதவேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்தாள். வாயால் சொல்ல முடியாது, ஏனென்றால் அவளுடைய தாடை இரண்டு இடத்தில் உடைந்து கம்பியால் கட்டியிருக்கிறது. குழாயால் கஞ்சி போகிறது.

போன் கிணற்றில் விழவில்லை. அவர் எறிந்தார். மணிக்கட்டு வழுக்கி விழுந்து வீங்கவில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்து அவர்தான் கதவைச் சாத்தினார். கல்யாணமாகி ஐந்து வருசத்தில் அவள் என்னிடம் சொன்னது பாதி, நான் கண்டது மீதி.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போனை வைத்து அரை மணித்தியாலம் இருக்காது. "என்னை அனுப்பிப்போட்டு எவனைக் கொண்டுவந்து வைக்கப்போறாய்?" என்று கேட்டாராம். மேடையில் அடித்த அதே கயிற்றால் தொடங்கியிருக்கிறார். இவள் கிணற்றடிக்கு ஓடினாள். தலைமயிரைப் பிடித்து இழுத்து விழுத்தி, கிணற்றுக் கட்டுச் சுவரில் முகத்தை மோதினார். ஒரு தரமில்லை. அவ்வளவு நேரமும் கிறேஸ் கட்டிலுக்குக் கீழே இருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டார் தூக்கிக்கொண்டு வரும்போது இவளுடைய சட்டையில் மண்ணும் இரத்தமும் ஒன்றாகக் காய்ந்து அப்பியிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தோம்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ் வந்து கேட்டபோது விழுந்துவிட்டேன் என்று எழுதிக் காட்டினாள். நான் அந்தக் கடதாசியைக் கிழித்துப்போட்டேன். இரண்டாம் கடதாசியில் உண்மையை எழுதினாள்.

கதைக்கவேண்டாம் என்று அவள் உங்களுக்கு எழுதவில்லையா? எழுதினாள். தபாலில் போட்டது நான். நீங்கள் அறையில் வாசித்துக் காட்டிச் சிரித்தீர்களாம். எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரத்தை அல்லாஹ்தான் மன்னிக்க வேண்டும்.

பிள்ளைகள் இருவரும் என் வீட்டில் பத்திரம்.

அஸீபா


தோகா,
19.05.2025

தங்கச்சி,

சுகமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. அஸீபாவின் கடிதத்தை வேலைத்தளத்தில் வைத்துப் படித்தேன். பிறகு நடந்தது நினைவில்லை. சுவரில் குத்தியிருக்கிறேன், விரல் இரண்டு வீங்கிப் போய்விட்டது. உன் தாடையை நினைத்தால் இது என்ன வலி.

உயிர்ப்பு ஞாயிறு அன்று அவன் போனில் அழுதானே. அதைக் கேட்டு நானும் அழுதேனே. நான்தான் அவனுடைய கையில் கயிற்றைக் கொடுத்தேன். சாகும்வரை எனக்கு இது போகாது.

ரிக்கெற்றுக்குச் சொல்லிவிட்டேன். வந்து அவனை வெட்டி, அவன் வலையிலேயே சுற்றிக் கடலில் போடுவேன். பகிடி இல்லை. நீ ஓம் என்று ஒரு சொல் எழுது.

எமில்


பேசாலை,
08.07.2025

அன்புள்ள அண்ணா,

கம்பியைக் கழற்றிவிட்டார்கள். வாய் முழுதாகத் திறக்காது, ஆனால் சோறு தின்கிறேன். பிள்ளைகள் சுகம். உங்கள் விரல் எப்படி?

நீங்கள் வரவேண்டாம். அவரை வெட்டினால் நீங்கள் மறியலில் கம்பி எண்ணுவீர்கள், நான் கறுப்புச் சீலையில் இருப்பேன், பிள்ளைகளுக்கு ஒருவரும் இல்லை. எனக்கு அது வேண்டாம். நான் கேட்டது வேறு.

ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். அம்மாவின் செத்தவீட்டில் ஓடி ஓடி எல்லாம் செய்தது அவர்தான். நீங்கள் அவருடைய கையைப் பிடித்து, "நீதான் இனி எங்களுக்கு எல்லாம்" என்று அழுதீர்கள். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

பொலிஸ் முறைப்பாடு இருப்பதால் அவர் இப்போது கொஞ்சம் பயந்துபோய் இருக்கிறார். கோயில் ஆட்கள் வந்து சமாதானம் கதைத்தார்கள். ஆடித் திருநாளுக்கு எங்களை மடு மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், மாதாவுக்கு முன்னால் அவரைச் சத்தியம் செய்யவைத்தார்கள். மடுவில் பொய்ச் சத்தியம் செய்தவனைப் பாம்பு தீண்டும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்களே, அதனால் எல்லோருக்கும் நல்ல நம்பிக்கை. பெண்கள் என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார்கள். நான் ஒரு நிபந்தனை வைத்தேன். அவர் வெளிநாடு போனால் முறைப்பாட்டை மேலே கொண்டுபோக மாட்டேன். போகாவிட்டால் கோட்டில் ஏறி நீதவானுக்கு என் வாயைத் திறந்து காட்டுவேன். ஒத்துக்கொண்டார்.

அதனால் அண்ணா, அந்த வேலையை எப்படியாவது திரும்ப எடுங்கோ. வந்ததும் அவரைத் தொடவேண்டாம். சண்டை பிடித்தால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். எனக்கு இரண்டு வருசம் வேண்டும். அதற்குள் கிறேஸ் பள்ளிக்கூடம் போய்விடுவாள், நான் அஸீபாவின் கடையில் காலூன்றிவிடுவேன், பிறகு யார் வந்தாலும் கதவைத் திறக்கிறதா இல்லையா என்று நானே முடிவெடுப்பேன். நீங்கள் சம்பளக் கணக்கு எழுதியிருந்தீர்கள். அவர் இல்லாத ஒவ்வொரு நாளும்தான் எனக்குச் சம்பளம்.

இரண்டு வருசம். லீவு வேண்டாம். இப்போது யாரும் சிரிக்க மாட்டீர்கள்.

தங்கை,
பிரான்சிஸ்கா


தோகா,
14.09.2025

தங்கச்சி,

நீயும் பிள்ளைகளும் சுகம் என்று எழுதினால்தான் எனக்கு நித்திரை வரும்.

அவன் வந்து ஐந்து கிழமை. என் கட்டிலுக்கு மேல்கட்டில் கொடுத்திருக்கிறார்கள். என் போனையும் அவன் எடுப்பான், ஆகவே நாங்கள் கடிதத்திலேயே கதைப்போம். உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன், ஆனால் அது லேசில்லை. முதல் கிழமை எட்டாம் மாடியில் அவன் எனக்கு முன்னால் நின்றான். இடுப்புப் பட்டியின் கொக்கி என் கைக்குப் பக்கத்தில். கழற்றிவிட்டு முழங்கையால் ஒரு இடி இடித்தால் முடிந்தது. கீழே கம்பிகள் நட்டு வைத்திருந்தார்கள். அவன் எந்தக் கம்பியில் விழுவான் என்றுகூடப் பார்த்துவிட்டேன். உன் முகத்தை நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நீ தைத்துக் கொடுத்தாயே நீலத் துணியில் பொட்டலமாய் மடுக் கோயில் மண், அதை அவன் கழுத்தில் கட்டியிருக்கிறான். வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, அதைக் கையில் பிடித்துக்கொண்டு முழந்தாளில் நிற்பான். "மச்சான், நான் மிருகமாய் இருந்தனான்" என்று என் காலைப் பிடித்தான். நான் காலை இழுத்துக்கொண்டேன். ஒருவரோடும் சண்டையில்லை. சம்பளத்தை முழுதாக உனக்குப் போடுகிறான். நேபாளக்காரன் ஒருவன் அவனைத் தள்ளிவிட்டான், இவன் கழுத்துப் பொட்டலத்தைத் தொட்டுக்கொண்டு பேசாமல் போனான்.

மாதா செய்கிறாவோ என்னவோ. எனக்கு விளங்கவில்லை.

எமில்


பேசாலை,
20.11.2025

அன்புள்ள அண்ணா,

நாங்கள் மூவரும் சுகம். இந்த முறை இதை உண்மையாகவே எழுதுகிறேன். இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம் வேலைதான். நத்தார்த் துணிகள் குவிந்துவிட்டன. அஸீபா எனக்கு ஒரு மெசின் தனியாகத் தந்திருக்கிறாள். சின்னவன் துணிப் பெட்டிக்குள் படுத்து நித்திரை கொள்வான். நேற்று பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் பாட்டொன்றை முணுமுணுத்தேனாம், கிறேஸ் என்னை அண்ணாந்து பார்த்து, "அம்மாக்குப் பாட்டு வருமோ?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து அழுதேன், நல்ல அழுகை. மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு மட்டும் அவள் இன்னும் ஒளிக்கிறாள்.

அண்ணா, அந்த நீலப் பொட்டலத்தைப் பற்றி. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து இது என்னை அறுக்கிறது. அதற்குள் இருப்பது மடு மண் இல்லை. அவர் செய்தது பொய்ச் சத்தியம் என்று எனக்குத் தெரியும், மாதாவின் மண்ணை அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையான மடு மண்ணைப் பிள்ளைகளின் தலையணைக்குள் வைத்துத் தைத்தேன். அவருக்குக் கொடுத்தது எங்கள் கிணற்றடி மண். என்னை இழுத்து விழுத்திய அதே இடத்தில், என் இரத்தம் ஊறிய இடத்தில் அள்ளியது. பிரித்தால் பலன் போய்விடும் என்று சொல்லி இறுக்கித் தைத்தேன். அவர் தினமும் முத்தமிடுவது அதைத்தான்.

ஆகவே மாதா ஒன்றும் செய்யவில்லை. கல்யாணமான முதல் வருசமும் அவர் இப்படித்தான் முழந்தாளில் நின்றார். எப்போதும் அடித்த பிறகு நிற்பார், எழும்புவார், அடிப்பார். அவருடைய கண்ணீரை நம்பாதீர்கள். இன்னும் இருபது மாதம் வைத்திருங்கோ.

மழை இருட்டிக்கொண்டு வருகிறது. பெரிய புயல் ஒன்று வருமாம். உடம்பைக் கவனியுங்கோ.

தங்கை,
பிரான்சிஸ்கா


தோகா,
02.12.2025

தங்கச்சி,

உயிரோடு இருக்கிறீர்களா? புயல் அடித்து ஐந்து நாள். மன்னாருக்கு ஒரு லைனும் இல்லை. படங்களைப் பார்க்கிறோம், எங்கும் வெள்ளம், மாடுகள் மிதக்கின்றன. உன்னிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதமும் இல்லை. நான் ஒரு நாளும் இப்படிப் பயந்ததில்லை.

இனி எழுதப்போவதற்கு என்னைத் திட்டாதே. வீடு வெள்ளத்தில் போன ஆட்களுக்குக் கம்பனி ஒரு மாத லீவு கொடுக்கிறது. குடும்பம் இருப்பவனுக்குத்தான், எனக்கு இல்லை. அவன் இரண்டு நாள் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. நேற்று அந்த மடு மண்ணை என் உள்ளங்கையில் வைத்து, தன் கையை மேலே வைத்து, "இனி அவளில கை வைச்சால் இந்த மண்ணே என்னைத் தின்னட்டும்" என்று சத்தியம் பண்ணினான். தங்கச்சி, மடு மண்ணில் கைவைத்துப் பொய் சொல்ல எங்கள் கரையில் பிறந்த எவனுக்குத் துணிவு வரும்? நாலு மாதமாகப் பார்க்கிறேன், ஒரு சொல் பிசகவில்லை. வெள்ளத்துக்குள் நீ தனியே இரண்டு குஞ்சுகளோடு என்ற நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை. போர்மனிடம் அவனுக்காக நான்தான் கையெழுத்து வைத்தேன்.

எட்டாம் திகதி வந்து சேருவான். பால்மா கொடுத்துவிடுகிறேன்.

எமில்


தோகா,
15.12.2025

தங்கச்சி,

உன் கார்த்திகைக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. புயலுக்குள் எங்கேயோ கிடந்து, உறை ஊதிப்போய் வந்தது.

நான் என்ன செய்துவிட்டேன்.

நேற்றிலிருந்து அவனுடைய போனுக்கு எடுக்கிறேன். காலையில் எடுத்தேன், "அவள் குளிக்கிறாள்" என்றான். பின்னேரம் எடுத்தேன், "அவள் குளிக்கிறாள்" என்றான். இன்றைக்கும் குளிக்கிறாயாம். பின்னால் கிறேஸ் கத்துகிற சத்தம் கேட்டது, வைத்துவிட்டான். அஸீபாவின் போன் வேலை செய்யவில்லை. பேசாலையில் தெரிந்த எல்லோருக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீ இருக்கிறாயா என்று தெரியாமலே எழுதுகிறேன்.

எங்கேயாவது ஓடு. பொலிசுக்கு ஓடு. என்னை மன்னிக்கவேண்டாம், ஓடு.

எமில்


மன்னார்,
04.01.2026

அண்ணா,

நான் இருக்கிறேன். சின்னவன் இருக்கிறான். கிறேசின் இடது காது இப்போது சரியாகக் கேட்காது, போகப்போகச் சரிவரலாம் என்கிறார்கள். உங்கள் சுகத்தை நான் விசாரிக்கவில்லை, மன்னிக்க வேணும்.

எட்வேட் எட்டாம் திகதி வந்தார். வளவுக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. சொக்கிளேற், பால்மா எல்லாவற்றையும் மேசையில் அடுக்கி வைத்தார். மூன்று நாள் நல்ல மனிதர். நாலாம் நாள் யாரோ நான் தையலுக்குப் போவதைச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வயிற்றில் உதைத்தார். விடியப் பார்த்தால் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் முழந்தாளில். "மடு மாதா அறிய இதுதான் கடைசி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணா. அடக்க முடியவில்லை. உடைந்த தாடை நோக நோகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

அவர் நம்பவில்லை. பல்லால் கடித்துத் தையலைப் பிரித்தார். மடு மண் சிவந்திருக்கும். அதற்குள்ளிருந்து எங்கள் கடற்கரை வெள்ளை மணலும் உடைந்த சிப்பியும் கொட்டின. அதில் கறுப்பாகக் கொஞ்சம் கட்டிபட்டிருந்தது. "இது என்ர இரத்தம், நாலு மாசம் நீங்கள் கும்பிட்டது என்னை" என்றேன். அதன்பிறகு மூன்று நாள் எங்கள் மூவரையும் அறைக்குள் பூட்டி வைத்து என்னை அடித்தார். நீங்கள் எடுக்கிற போதெல்லாம் குளித்தது அங்கேதான்.

பதினைந்தாம் திகதி மத்தியானம் அறையைத் திறந்து வந்து, கிறேசைக் கட்டிலுக்குக் கீழிருந்து காலில் பிடித்து இழுத்தார். சொக்கிளேற் கொடுக்கத்தான். அவள் கத்தினாள். கன்னத்தோடு காதையும் சேர்த்து அறைந்தார். பிள்ளை சுவரில் பட்டு விழுந்து, பிறகு கத்தவே இல்லை. அவளில் அவர் கை வைத்தது அதுதான் முதல் தரம்.

வெள்ளத்துக்கு வாய்க்கால் வெட்டிய இரும்பு அலவாங்கு அறை மூலையில் இருந்தது. முதல் அடி அவருடைய தோளில் விழுந்தது. இரண்டாவது வலக்கையில், முழங்கைக்குக் கீழே. காய்ந்த பனை மட்டையை முறித்தால் வருமே, அந்தச் சத்தம். அவர் விழுந்து கும்பிட்டார். மூன்றாவது அடி தேவையில்லாதது. அந்தக் கையிலேயே அதையும் அடித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லமாட்டேன்.

பிள்ளைகளோடு நடந்து பொலிசுக்குப் போய் நானே சொன்னேன். கிறேசை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், என்னைச் சின்னவனோடு விளக்கமறியலுக்கு அனுப்பினார்கள். நத்தாருக்கு அங்கேதான் இருந்தேன். அஸீபா பிணையெடுத்தாள். இப்போது அவள் வீட்டில் இருந்து எழுதுகிறேன். வழக்கு மாசியில்.

உங்களில் எனக்குக் கோவம் இருக்கிறது. எழுதாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். நான் என் வாயால் ஒன்றே ஒன்று கேட்டேன், இரண்டு வருசம். அவர் கண்ணீரோடு கேட்டதும் நாலு மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். மண்ணை நம்பினீர்கள், என் தாடையை நம்பவில்லை. ஒரு நாள் இந்தக் கோவம் தீரும், எனக்கு உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஆனால் இன்றைக்குத் தீரவில்லை.

அவர் தாயின் வீட்டில் கட்டோடு இருக்கிறார். இனி அந்தக் கையால் பாரம் தூக்க முடியாதாம். கட்டு அவிழ்த்ததும் வீட்டுக்கு வருவேன், எல்லாவற்றையும் மறந்து சேர்ந்து வாழுவோம் என்று கோயில் ஆட்களிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். திரும்பவும் மடுவுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்களாம். இடக்கை நன்றாகத்தான் இருக்கிறது.

அதனால் போர்மனிடம் ஒன்று விசாரித்து எழுதுங்கோ. ஒரு கை ஆளுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது? கூட்டுகிற வேலை, காவல் வேலை, ஏதாவது. சம்பளம் எவ்வளவு என்று கேட்கவேண்டாம். எங்களுக்கு அனுப்பத் தேவையில்லை, என் பிள்ளைகளுக்கு நான் தைப்பேன்.

இரண்டு வருசம். லீவு வேண்டாம்.

தங்கை,
பிரான்சிஸ்கா